குப்பி விண்டு போகிறது, ஒழுகுகிறது, மங்குகிறது: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் தேன் அடைக்கிறவர்களும் தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஊறுகாய் போடுகிறவர்களும் கண்ணாடிக் குப்பியை வெளியூரிலிருந்துதான் வாங்குகிறார்கள். லாரி ஆரல்வாய்மொழி தாண்டி வந்து இறக்கிவிட்டுப் போய்விடும். கோளாறு தெரிவது அதற்கப்புறம். உடனே நிரப்புகிறவர் ஆலையைத் திட்டுவார், ஆலைக்காரர் "நீங்கள் சூடாக ஊற்றியிருப்பீர்கள்" என்பார். நடுவில் நிற்கும் ஏஜெண்ட் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். நான் குப்பி ஆலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது இந்தப் பக்கத்துக் கூடங்களுக்கு உதவி செய்கிறேன். இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், பெரும்பாலும் குப்பியே சொல்லிவிடும்.

முதலில் அடியைப் பாருங்கள்

எந்தக் கோளாறானாலும் குப்பியைக் கவிழ்த்து, அடியிலோ அடி விளிம்பை ஒட்டியோ இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொள்ளளவும் ஆலையின் முத்திரையும் அங்கேயே இருக்கும், அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது மோல்டு எண், அதாவது குப்பியை வார்த்த அச்சின் எண். சில குப்பிகளில் எண்ணோடு, விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகளும் இருக்கும். அது அழகுக்கு வைத்ததல்ல. ஆலையில் இருக்கும் கேமரா அந்தப் புள்ளிகளைப் படித்துத்தான் எந்த மோல்டில் பிறந்த குப்பி என்று தெரிந்துகொள்கிறது.

குப்பி வார்க்கும் ஐ.எஸ். (இண்டிவிஜுவல் செக்ஷன்) மெஷின் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கும். பத்துப் பிரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு மோல்டு என்றால் மொத்தம் 20 மோல்டு. அதில் ஒன்று கெட்டால் உங்களுக்கு வரும் சரக்கில் ஏறக்குறைய இருபதில் ஒன்று கெட்டிருக்கும். ஆகவே கெட்ட குப்பிகளின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மோல்டில் கோளாறு. எல்லா எண்ணும் கலந்து வந்து, ஆனால் ஒரு குறிப்பிட்ட தேதிச் சரக்கில் மட்டும் வந்தால் உலையிலோ ஆறவைக்கும் இடத்திலோ கோளாறு. எல்லா எண்ணும் வருகிறது, போன மாதச் சரக்கிலும் வருகிறது, வேறு ஆலைச் சரக்கிலும் வருகிறது என்றால் மன்னிக்கவும், கோளாறு உங்கள் கூடத்தில். கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நிரப்பும்போது அடி விண்டு போகிறது

உடைந்ததைப் பெருக்கித் தள்ளாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு துண்டுகளை எடுத்து, செலோடேப்பால் ஒட்டி மறுபடி குப்பியாக்குங்கள். விரிசல் கோடு ஓடும் வழியில் இரண்டாக, நான்காகக் கிளை பிரிந்திருக்கும். கிளை விரியும் திசைக்கு எதிராகப் போய்க்கொண்டே இருந்தால் விரிசல் தொடங்கிய புள்ளியில் போய் நிற்பீர்கள்.

தொடங்கிய புள்ளி பக்கச் சுவரில் இருந்து, அங்கிருந்து நாலாபக்கமும் கோடுகள் பாய்ந்து நிறையத் துண்டாகியிருந்தால் எங்கேயோ இடி வாங்கியிருக்கிறது. துண்டுகள் குறைவு, கோடு வளைந்து நெளிந்து அடி ஓரத்தைச் சுற்றிப் போய் அடி மட்டும் வட்டமாகக் கழன்றிருக்கிறது என்றால் அது சூட்டு அதிர்ச்சி.

கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சூடான சரக்கு உள்ளே விழும்போது உள்முகம் விரியப் பார்க்கிறது, குளிர்ந்த வெளிமுகம் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. வெளிமுகத்தில்தான் கீறல்களும் இருக்கின்றன. கீறல் வாய் பிளக்கிறது, அவ்வளவுதான். குப்பிகளை வெந்நீர்த் தொட்டியிலிருந்து குளிர்நீர்த் தொட்டிக்கு மாற்றிச் செய்யும் வழக்கமான சோதனையில் 42 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வைப்பார்கள். கூடத்தில் வேலை செய்யும்போது 40-ஐத் தாண்ட விடாதீர்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். தேன் 45 முதல் 50 டிகிரியில் இறங்குகிறது, குப்பி 28-ல் இருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய இருபது. இதில் நல்ல குப்பி உடையக் கூடாது. ஊறுகாயோ ஜாமோ 85 டிகிரியில் ஊற்றினால் வித்தியாசம் 57. இதில் நல்ல குப்பியும் உடையும். குப்பியை முதலில் சூடான நீரிலோ சூடான பெட்டியிலோ வைத்து 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டு ஊற்றுங்கள்.

குப்பி எதன்மேல் நிற்கிறது என்பதும் முக்கியம். ஒரு ஊறுகாய்க் கூடத்தில் காலை முதல் தொகுதியில் மட்டும் அடி கழன்றுகொண்டே இருந்தது, மதியத்துக்கு மேல் ஒன்றும் உடையாது. ஆலையில் கேட்டால் சரக்கு சரி என்றார்கள். போய்ப் பார்த்தால் நிரப்பும் மேடை கருங்கல் பலகை. தினமும் காலையில் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஈரத்தோடு குப்பியை அடுக்குகிறார்கள். வெயில் ஏறியதும் கல் காய்ந்து சூடாகிவிடும், உடைவதும் நின்றுவிடும். மேடைமேல் ஒரு மரப்பலகை போட்டோம், தீர்ந்தது.

தேன் குப்பியே உடைகிறது, மேடையும் காய்ந்திருக்கிறது என்றால் குப்பிக்குள்ளேயே இழுவிசை தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்த்த குப்பியை ஏறக்குறைய 550 டிகிரியில் ஆரம்பித்து நீண்ட சூளைக்குள் மெல்ல மெல்ல ஆறவைப்பார்கள். லேர் என்பார்கள் அதை. அவசரப்பட்டு ஆறினால் உள்ளே விசை சிக்கிக்கொள்ளும். இதைப் பார்க்க ஒரு லேப்டாப்பும் போலரைஸ்டு கூலிங் கிளாஸும் போதும். லேப்டாப் திரையை வெறும் வெள்ளையாக வையுங்கள். கண்ணாடியைக் கண்ணுக்கு முன் பிடித்துத் திருகினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். அந்தக் கோணத்திலேயே கண்ணாடியை நிறுத்திவிட்டு, திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் காலிக் குப்பியைக் கொண்டுவாருங்கள். விசை தங்கிய இடம் இருட்டில் வெளிச்சமாகத் தெரியும். அடி மூலையில் லேசாகத் தெரிவது எல்லாக் குப்பியிலும் உண்டு. ஆகவே உடையாத பழைய சரக்கில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதியதில் அடி முழுக்கப் பளிச்சென்று நிறம் காட்டினால் போட்டோ எடுத்து வையுங்கள்.

எல்லா எண்ணிலும் அப்படியென்றால் லேரில் கோளாறு. ஒரே எண்ணில் மட்டும் அடி விண்டால் அந்த மோல்டில் அடி மெலிந்து விழுகிறது என்று சந்தேகப்படலாம். முன்பெல்லாம் ஆலையில் இது தெரியக் குப்பி லேரைத் தாண்டிக் குளிர்ந்த பக்கம் வரவேண்டும். அதற்குள் ஆயிரக்கணக்கில் வார்த்து முடித்திருப்பார்கள். இப்போது மெஷினை விட்டு வெளியே வந்த உடனேயே, செந்தணலாக இருக்கும்போதே, அகச்சிவப்புக் கேமரா ஒவ்வொரு குப்பியையும் பார்க்கிறது. தடித்த இடம் அதிகமாகவும் மெலிந்த இடம் குறைவாகவும் வெப்பம் காட்டும். எந்தப் பிரிவில் கண்ணாடி சரியாகப் பரவவில்லை என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் ஆலையில் அந்தக் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மூடி இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

முதலில் மூடியைத் திறக்காமல் மேலே பாருங்கள். மூடி உப்பியிருக்கிறதா, திறந்தால் புஸ் என்று காற்று வருகிறதா, தேன் மேல் நுரை கட்டியிருக்கிறதா? அப்படியென்றால் குப்பியை விட்டுவிடுங்கள், தேன் புளிக்கிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேன் புளிக்கத் தயாராகிவிடும். ஈரப்பதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடை சரியாக மூடும் முன்பே எடுத்த ரப்பர் தோட்டத்துத் தேனில் இது அடிக்கடி வரும். ஆலைக்குப் போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

நுரை இல்லை, வெறும் கசிவு என்றால் இதைச் செய்யுங்கள். ஒழுகும் குப்பி பத்து, ஒழுகாத குப்பி பத்து எடுத்து மூடிகளை மாற்றிப் போட்டுக் கவிழ்த்து ஒரு ராத்திரி வையுங்கள். ஒழுகல் மூடியோடு போனால் மூடி கெட்டது. குப்பியோடே நின்றால் வாய் கெட்டது. இந்தச் சோதனை செய்யாமல் எந்தப் புகாரும் எழுத வேண்டாம்.

மூடியில் என்றால் காரணம் பெரும்பாலும் எளிதானது. நாலு கொக்கி மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் போன்ற வளையம் சூட்டில்தான் இளகி வாயோடு படியும். ஜாம் போடுகிறவர்களுக்கு இது தானாக நடந்துவிடும், ஆறும்போது உள்ளே வெற்றிடமும் உண்டாகி மூடியை இழுத்துப் பிடிக்கும். தேன்காரர்களுக்கு இரண்டும் கிடையாது. மூடிகளை வெந்நீரில் போட்டு எடுத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சூடு இருக்கும்போதே திருகுங்கள். ஈரத்தோடு போட்டால் தேன் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். வாய் விளிம்பில் தேன் சிந்தியிருந்தால் துடைத்துவிட்டு மூடுங்கள், பின்னால் அங்கே படியும் சர்க்கரைக் குருணை மூடியைத் தூக்கிப் பிடிக்கும். அப்புறம், குப்பியின் பக்கத்தில் மேலிருந்து கீழே ஓடும் தையல் கோடு தெரிகிறதல்லவா, அதிலிருந்து கொக்கி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எல்லாக் குப்பியிலும் ஏறக்குறைய ஒரே தூரம் இருக்க வேண்டும். ஒன்றில் அரை விரல், ஒன்றில் இரண்டு விரல் என்றால் திருகுகிற கை சீராக இல்லை.

வாயில் என்றால் குப்பியைத் தட்டையான கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். ஆடுகிறதா? விளிம்புக்குக் கீழே மெல்லிய தாள் எங்காவது நுழைகிறதா? நுழைந்தால் வாய் வளைந்திருக்கிறது. அடுத்து டார்ச்சை உள்ளேயிருந்து வாய்ப்பக்கம் அடித்துக் குப்பியை மெல்லச் சுழற்றுங்கள். கூந்தலிழை போல் ஒரு கோடு சட்டென்று மின்னி மறைந்தால் அது விரிசல், ஒழுகலுக்கு வழி. கடைசியாக, பஞ்சை உருட்டி வாயின் உள்விளிம்பில் ஓட்டுங்கள், விரல் வேண்டாம். பஞ்சு நூல் மாட்டிக்கொண்டால் அங்கே கூரான கண்ணாடி விளிம்பு எழுந்து நிற்கிறது. அது ஒழுகலைவிட மோசம், ஒடிந்து தேனுக்குள் விழும். அந்த மோல்டு எண் முழுவதையும் ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கூர் விளிம்பு எப்படி வருகிறது? அகலவாய் ஜாடியை வார்க்கும்போது உருகிய கண்ணாடிச் சொட்டுக்குள் பிளஞ்சர் என்ற உலோகத் தண்டு ஒன்று இறங்கி அழுத்தும். சொட்டில் எடை கூடிவிட்டாலோ குப்பியின் வாயை வார்க்கும் வளையம் தேய்ந்திருந்தாலோ கண்ணாடி சந்துக்குள் பிதுங்கும். புதிய மெஷின்களில் பிளஞ்சர் எவ்வளவு ஆழம் போனது என்பதை ஒவ்வொரு குப்பிக்கும் அளக்கிறார்கள். சொட்டு கனமாக இருந்தால் பிளஞ்சர் முழு ஆழம் போகாமல் நின்றுவிடும். அந்த அளவு உடனே மேலே சொட்டு விடும் இடத்துக்குப் போய், அடுத்து வரும் சொட்டுகளின் எடையைத் தானே திருத்தும். ஆள் தராசில் குப்பியை எடுத்து வைத்துப் பார்த்துத் திருத்திய காலத்தோடு ஒப்பிட்டால், என் கணக்கில் இந்தத் தொழிலில் வந்த மிக உபயோகமான மாற்றம் இதுதான்.

குப்பிக்குள் கண்ணாடி நூல்

நூறில் ஒன்று அல்ல, ஆயிரத்தில் ஒன்று கண்டாலும் நிரப்புவதை நிறுத்துங்கள். குப்பியின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மெல்லிய கண்ணாடி இழை குறுக்கே ஓடும். சிலவற்றில் அடியிலிருந்து முள் மாதிரி நிற்கும். வார்ப்பின் நடுவில், அரைகுறை வடிவத்தில் இருக்கும் குப்பி அளவுக்கு மேல் இளகியிருந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். பிறகு காற்று ஊதி விரிக்கும்போது நடுவில் இழை நீண்டுவிடும். வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பும் கை வேகமாக வீசினாலும் வரும்.

தேன்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க ஒரு காரணம் உண்டு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, தேனுடையது ஏறக்குறைய 1.49. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் தேன் ஊற்றியதும் இழை கண்ணுக்கு மறைந்துவிடும். நிரப்பிய பிறகு எவ்வளவு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆகவே காலியாக இருக்கும்போதே, கறுப்புத் துணி விரித்த மேசையில், பக்கவாட்டு வெளிச்சத்தில் வாய் வழியாகப் பாருங்கள். கழுவிய பிறகு பாருங்கள், தூசி நூலைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள். ஒன்று கிடைத்தால் அந்த எண்ணும் தேதியும் உள்ள சரக்கு முழுவதும் ஒதுக்கம். ஏற்கெனவே கடைக்குப் போனதையும் திரும்ப எடுங்கள். ஆலையின் குளிர்ந்த பக்கத்துக் கேமராக்கள் இதைப் பிடிப்பதற்காகவே இருக்கின்றன. அதைத் தாண்டி வந்திருக்கிறது என்றால் போன் போதாது, எழுத்தில் பதில் கேளுங்கள்.

புதுக் குப்பி வெளுத்து மங்கியிருக்கிறது

இது நம் ஊரின் சொந்த வியாதி. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு, கடல் காற்று வேறு. காலிக் குப்பியை நெகிழி உறையோடு மாதக்கணக்கில் வைத்திருந்தால் உறைக்குள் வேர்த்து, கண்ணாடியின் மேல் நீர்ப்படலம் நிற்கும். சாதாரணக் குப்பிக் கண்ணாடியில் சோடா 13, 14 சதவீதம் இருக்கிறது. அந்தச் சோடியம் மெல்ல நீரில் இறங்கிக் காரமாகும், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகக் காயும். அதற்கும் மேல் விட்டுவைத்தால் அந்தக் காரமே கண்ணாடியை அரிக்கும்.

ஈரத்துணியால் துடையுங்கள். போய்விட்டதா, காய்ந்த பிறகும் திரும்ப வரவில்லையா? ஆரம்ப நிலைதான், கழுவிப் பயன்படுத்தலாம். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்குகிறதா? வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ விட்டுக் கழுவிப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் அரித்துவிட்டது, தேனுக்கு ஆகாது. பலகைச் சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பழைய சரக்கை முதலில் எடுங்கள். உறைக்குள் நீர்த்துளி கண்டால் அன்றே பிரித்துக் காற்றாட விடுங்கள். ஜூன் மாதத்துக்கு முன் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறு மாதச் சரக்கை வாங்கி ஓடு ஒழுகும் கொட்டகையில் போடாதீர்கள். அந்த மலிவு மலிவல்ல.

குமிழி, கல்

சின்னக் குமிழி அழகுக் குறை, அவ்வளவுதான். பெரிய குமிழி உள்முகத்தில் தோல் போல மெலிந்து, குச்சியால் தொட்டாலே பொத்தென்று உடைந்தால் அந்தக் குப்பி வேண்டாம். வெள்ளையாகவோ கறுப்பாகவோ சின்னக் கல், அதைச் சுற்றி முடிபோல் விரிசல் என்றாலும் வேண்டாம். கல்லும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது, இன்றில்லாவிட்டால் நாளை அங்கே உடையும்.

கல் பல வழியில் வரும். உலைச் சுவரின் செங்கல் தேய்ந்து விழும். உருக்கப் போடும் பழைய உடைசலில் பீங்கான் கோப்பைத் துண்டு கலந்திருந்தாலும் வரும், அது உலையில் உருகவே உருகாது. உடைசல் போடுவது நல்ல பழக்கம்தான். பத்து சதவீதம் கூட்டினால் உலைக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று சதவீதம் எரிபொருள் மிச்சம். அதனால்தான் ஒளிக்கதிர் வைத்து உடைசலைப் பிரிக்கும் இயந்திரங்களை ஆலைகள் வாங்குகின்றன. நீங்கள் உடைந்த குப்பியைப் பழைய சாமான்காரரிடம் போடும்போது ஊறுகாய்ப் பரணிச் சில்லைத் தனியே எடுத்துவிட்டுப் போடுங்கள்.

"மணவாளக்குறிச்சியில் இவ்வளவு மணல் கிடக்கிறதே, இங்கேயே குப்பி ஊதலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, அதாவது இரும்பும் டைட்டானியமும். கொஞ்சம் இரும்பு போதும் கண்ணாடி பச்சையாகிவிட. நிறமற்ற குப்பிக்கு இரும்பு மிகமிகக் குறைந்த சிலிக்கா மணல் வேண்டும். ஆனால் அதே கடற்கரை மணலிலிருந்து பிரிக்கும் சிர்கான், கண்ணாடி உலைகளின் உட்சுவர்க் கற்களுக்கு மூலப்பொருளாகும் வகையைச் சேர்ந்தது.

மற்றவை, சுருக்கமாக

லேபிள் வழுக்கி இறங்கினால் முதலில் குப்பி ஈரமா என்று பாருங்கள். காய்ந்த குப்பியிலும் ஒட்டவில்லை என்றால் ஆலையில் லேரின் முடிவில் தெளிக்கும் பாலிஎதிலீன் பூச்சு கூடிவிட்டது. குறைந்தாலும் கஷ்டம். இரண்டு குப்பியை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு இருக்கிறது. கிறீச்சிட்டுப் பிடித்தால் இல்லை, லாரியில் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும், அந்தக் கீறல்தான் பின்னால் நிரப்பும்போது விண்டு போகும். காஸ்டிக் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாலும் பூச்சு போய்விடும். ஆகவே இந்தச் சோதனையைப் புதுக் குப்பியில் செய்யுங்கள்.

ஒரே எடை ஊற்றியும் மட்டம் குப்பிக்குக் குப்பி மாறினால் எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே மோல்டு தேய்ந்திருக்கும். எல்லாவற்றிலும் மட்டம் தாழ்ந்தே நின்றால் ஜாடியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அரைக் கிலோ தேன் ஏறக்குறைய 355 மில்லிதான், 500 மில்லி ஜாடியில் அது வாய்க்கு எட்டாமல் நிற்கும்.

ஆலைக்கு எழுதும்போது

"சரக்கு மோசம்" என்று எழுதினால் "அடுத்த முறை பார்க்கிறோம்" என்றுதான் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: எந்தத் தேதிச் சரக்கு, எத்தனை பார்த்தீர்கள், எத்தனை கெட்டது, அவற்றின் மோல்டு எண்கள், ஊற்றிய சரக்கின் சூடு, குப்பியின் சூடு. விரிசல் தொடங்கிய புள்ளியைச் சுற்றி மார்க்கரால் வட்டம் போட்டு ஒரு போட்டோ, அடியின் போட்டோ ஒன்று. கெட்ட குப்பி ஐந்தையாவது துண்டோடு டப்பாவில் கட்டி வையுங்கள், ஆள் வந்தால் கையில் கொடுக்க வேண்டும். எண் இருந்தால் ஆலையில் அந்த மோல்டை மெஷினிலிருந்து கழற்றிப் பார்க்க முடியும். குளிர்ந்த பக்கத்தில் எண் படிக்கும் கேமரா இருந்தால், கிடங்கில் மிச்சமிருக்கும் சரக்கை மறுபடி ஓடவிட்டு அந்த எண்ணை மட்டும் தள்ளிவிடவும் முடியும். பதிலில் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த மோல்டு எந்தத் தேதியில் கழற்றப்பட்டது, அதற்கு முந்தின தேதிச் சரக்கு இன்னும் யாரிடம் போயிருக்கிறது.